ஆகஸ்டா படகில் ஏறினாளா?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மூக்குக் கண்ணாடியால்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹோபார்ட்டில் எனக்குக் கண்ணாடிக் கடை. எதிர்ச்சாரியில் ஐல்சா கெட்டரிங்கின் பழைய புத்தகக் கடை. அவள் புத்தகம் கொடுப்பாள், அதைப் படிக்க முடியாமல் ஜனங்கள் தெருவைக் கடந்து என்னிடம் வருவார்கள். அப்படி வந்தவன்தான் புரூனோ வெல்லா. டீசல் மெக்கானிக். தெற்கே பனிக்கண்டத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு அப்போதுதான் கப்பலில் இறங்கியிருந்தான். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். முதல் வரியைப் படித்தான். இரண்டாவது வரிக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் பின்னால் காத்திருந்த அம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு ஐல்சாவிடம் கேட்டேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். இரண்டும் மோதுகிற இடங்களில் எது கதைக்கு ருசியோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது ஆள் ஒருத்தி உண்டு, மெர்ரின். அவள் எனக்கு எதையும் சொன்னதில்லை. கேட்டபோதெல்லாம் ஒரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

அன்று காலை துறைமுகத்தில் ஆரஞ்சு நிறக் கப்பல் புகை கக்கியபடி—

(வேண்டாம். துறைமுகம், காலை, புகை. இதை வைத்துத் தொடங்கிய கதை ஏற்கெனவே நிறைய என் மேஜை இழுப்பறையில் தூங்குகிறது.)

புத்தகம் என்பது ஒரு—

(நிறுத்து. ‘புத்தகம் என்பது ஒரு’ என்று தொடங்குகிற எந்த வாக்கியமும் பள்ளிக்கூடச் சுவரில்தான் போய் முடியும்.)

ஐல்சா யாரிடமும் “உனக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்கமாட்டாள்.

இது பரவாயில்லை. இதிலேயே போகலாம்.

கேட்டால் பொய்தான் வரும் என்பது அவள் கட்சி. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் “பாடத் தெரியுமா?” என்றால் என்ன பதில் வருமோ அதுதான் வரும். ஆகவே அவள் வேறு எதையாவது கேட்பாள். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் தூக்கிப் போட்டாய், எந்த இடத்தில்? ரயிலில் பக்கத்து ஆள் போனில் பேசினால் காதைக் கொடுப்பாயா, தலையைத் திருப்பிக்கொள்வாயா? ஊரில் தேன் விற்கும் முரட்டு ஆள் ஒருவருக்கு ஒரு மடாலயத்துப் பெண்களின் சமையல் சண்டைகளைக் கொடுத்தாள். அவர் அதைத் தன் தேனீப் பெட்டிகள் நடுவே உட்கார்ந்து படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கொட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வேலிகளின் வரலாறு என்று ஒன்றைக் கொடுத்தாள். என்னைப் பற்றி இவ்வளவுதான் நினைக்கிறாளா என்று மனது சுருங்கிப்போயிற்று. இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

தெற்கே குளிர்காலம் கழிக்கப் போகிறவர்கள் கப்பலேறும் முன் அவளிடம் வந்து ஆளுக்கொரு புத்தகம் வாங்கிப் போவது வழக்கமாகியிருந்தது. அந்த வாரம் மட்டும் ஐல்சா சரியாகச் சாப்பிடமாட்டாள். ஹோபார்ட்டில் ஒருவருக்குத் தப்பான புத்தகம் கொடுத்தால் மறுநாள் வந்து திட்டிவிட்டு மாற்றிக்கொள்வார்கள். அங்கே கடல் உறைந்துவிட்டால் அடுத்த கோடைவரை கப்பல் கிடையாது. அளவு தப்பான செருப்போடு ஒரு குளிர்காலத்தைக் கடப்பது போலத்தான். இணையமெல்லாம் அங்கே எட்டிப் பார்க்காத நாட்கள். போன் உண்டு, ஃபேக்ஸ் உண்டு, அவ்வளவுதான்.

3

புரூனோ கடைக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இது:

“எனக்குப் படிக்கிற பழக்கமே இல்லீங்க. பசங்க வாங்குறாங்கன்னு வந்தேன்.”

*

(ஒரு சின்னச் சிக்கல். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘நீ’யும் ‘நீங்க’ளும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஐல்சா அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், ஆகவே ‘நீங்க’. கோபம் வரும்போது அவன் ‘நீ’க்கு இறங்குவான். எங்கே இறங்குகிறான் என்று கவனியுங்கள்.)

*

“வீட்டுல விசேஷம்னா நீ எங்க உக்காருவ?” என்றாள் ஐல்சா.

“இது என்ன கேள்வி?”

“சொல்லேன்.”

“சமையக்கட்டு வாசல்லதான். எங்க மால்ட்டாக்காரக் குடும்பத்துல சித்தி, அத்தைன்னு ஒரு படையே இருக்கு. சண்டை அங்கதான் ஆரம்பிக்கும். வாசல்ல உக்காந்தா எல்லாம் தெளிவா கேக்கும், யாராவது தட்டுல ஏதாவது போட்டுக்கிட்டும் இருப்பாங்க.”

“நீ யார் கட்சி பேசுவ?”

“நான் எதுக்குப் பேசணும்? கேக்குறதுக்கே நேரம் பத்தாது.”

ஐல்சா ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு நாவலை இறக்கினாள். ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருக்கும் குடும்பம், மூன்று அக்கா தங்கைகள், தலைமுறை தலைமுறையாகச் சண்டை. நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அச்சில் இல்லை, எங்கேயும் கிடைக்காது.

“இத்தனை பெருசா?” என்றான் புரூனோ. “இதை வச்சு டிரக்குக்கு முட்டு கொடுக்கலாம்.”

“குளிர்காலமும் பெருசுதான். எடுத்துட்டுப் போ.”

4

பனியை வர்ணிக்க வேண்டிய இடம் இது. நான் போனதில்லை. வெள்ளையாக இருக்குமாம்.

ஆகவே நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போவோம். புரூனோ வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் நடந்ததெல்லாம் அங்கேதான் நடந்தது. நீளமான மேஜை. ஒரு சுவரில் சமையலறைப் பக்கம் திறக்கும் சிறிய பலகணி, தட்டுகளை நீட்டுவதற்கு. பலகணிக்கு அந்தப் பக்கம் மெர்ரின், நிலையத்தின் சமையற்காரி. கையும் வேகம், வாயும் வேகம்.

குளிர்காலத்தின் நடுநாள்தான் அங்கே தீபாவளி, பொங்கல் எல்லாம். அதற்காக மெர்ரின் பல அடுக்குக் கேக் ஒன்றை அடுப்பில் ஏற்றியிருந்தாள். அந்த நேரம் பார்த்து புரூனோ ஜெனரேட்டரைப் பழுதுபார்ப்பதற்காக மின்சாரத்தை நிறுத்தினான். கேக் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

“அறிவிப்புப் பலகையில எழுதிப் போட்டிருந்தேனே!”

“எந்தப் பலகையில? உன் நெத்தியிலயா?”

அதோடு பேச்சு நின்றது. வெளியே இருட்டு, காற்று, போக இடமில்லை. உள்ளே இருப்பதோ விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஜனம். அங்கே இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எல்லாரும் பாதிக் குரலில்தான் பேச முடியும். உப்பு வேண்டுமானால் புரூனோ மூன்றாம் ஆளிடம் சொல்லிக் கேட்பான். மெர்ரின் பலகணியைச் சாத்திவைத்தாள். சாப்பிட்டதும் ஆளாளுக்கு எழுந்து தன் தன் அறைக்குப் போனார்கள்.

புரூனோவுக்கு அறையில் வேலை ஒன்றும் இல்லை. நாவலைத் திறந்தான்.

அடுத்த நாள் காலை உணவின்போது தனக்குத்தானே சிரித்தான். என்னடா என்றார்கள். “இந்த மூத்தவ தங்கச்சிக்கு எழுதுற வாழ்த்தைக் கேளு” என்று ஒரு பத்தியைப் படித்துக் காட்டினான். இன்னும் கொஞ்சம் படி என்றார்கள். அப்படித்தான் தொடங்கியது. பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் எழுந்து போவதில்லை. புரூனோ ஒவ்வொரு சகோதரிக்கும் தன் ஒவ்வொரு சித்தியின் குரலைக் கொடுத்துப் படித்தான். பலகணி ஒரு விரற்கடை திறந்தது. அப்புறம் ஒரு சாண். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம், சுவாரஸ்யமான இடம் வந்தால் நின்றுவிடும்.

நிலையம் இரண்டு கட்சியானது. நடுச் சகோதரி ஆகஸ்டா பூட்டிக் கிடந்த குடும்ப மில்லைத் திரும்ப ஓட்டுவாளா, நீராவிப் படகின் தலைவனோடு கிளம்பிப் போவாளா? புரூனோ படகுக் கட்சி. மெர்ரின் மில் கட்சி என்பது அவள் பாத்திரத்தை வைக்கிற ஓசையிலேயே தெரிந்தது.

கடைசி அத்தியாயம். ஆகஸ்டா படித்துறைக்கு வருகிறாள். படகு புகை விடுகிறது. அவள் வலது காலைத் தூக்கி—

புரூனோ பக்கத்தைத் திருப்பினான். பின்னட்டை வந்தது.

(இல்லை, இது நான் விட்ட வாக்கியம் அல்ல. கடைசிப் பக்கங்கள் தையல் விட்டு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தன. ஐல்சா பார்க்கவில்லை.)

5

முதலில் போன் செய்தவன் புரூனோ. ஒவ்வொருவருக்கும் முறை வைத்துத்தான் போன். தன் முறையை அம்மாவுக்குக் கொடுக்காமல் ஐல்சாவுக்குக் கொடுத்தான்.

“ஐல்சா, கடைசிப் பக்கம் இல்லீங்க. அவ ஏறுனாளா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் அந்தக் கும்பலுக்கு முன்னாடி படிக்கணும், முன்கூட்டியே தெரிஞ்சாதான் குரலை ஏத்தி இறக்க முடியும்.”

 அந்த நாவலை ஐல்சா படித்தது இளம்வயதில், காய்ச்சலில் கிடந்தபோது. முடிவென்று நினைவிருந்ததோ வேறு எதுவோ. அதில் ஒரு யானை வந்தது. யானைக்கும் இந்த ஆற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

“தேடி அனுப்பறேன்” என்றாள்.

ஒரு நாள் விட்டு மெர்ரின் கூப்பிட்டாள்.

“நான் கூப்பிட்டேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. முடிவை எனக்குத் தனியா அனுப்பு. அந்தத் தடியன் குரல்ல நான் கேக்க மாட்டேன்.”

“எந்தத் தடியன்?”

“கேக்கைக் கொன்னவன்.”

கேக் கதை முழுவதும் அப்போதுதான் ஐல்சாவுக்குத் தெரிந்தது. புத்தகம் நின்ற பிறகு மறுபடி எல்லாரும் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போகிறார்கள் என்பதும். பலகணி திரும்பவும் சாத்தப்பட்டதும். “சாப்பாட்டு அறை சாவு வீடு மாதிரி இருக்கு” என்றாள் மெர்ரின்.  சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாள்.

ஐல்சா மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் நியூசிலாந்துக்கும் போன் போட்டாள். நியூசிலாந்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் என்னையும் பேசவைத்தாள். எங்கும் இல்லை.

6

இங்கே ஐல்சாவை எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. ஒரு நேர்மையான பெண் “கிடைக்கவில்லை” என்று சொல்லியிருப்பாள். நான் எழுதிய முதல் பிரதியில் அப்படித்தான் சொன்னாள். கதை அங்கேயே படுத்துவிட்டது. அது மட்டுமல்ல, அது ஐல்சாவே அல்ல. ஆளுக்கேற்ற புத்தகத்தைக் கையில் வைத்துவிடும் சுகம் பழகிப்போன ஒருத்தி, வெறுங்கையோடு நிற்பாளா?

உண்மையில் அவள் செய்தது இது. கடையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு முடிவை அவளே எழுதினாள். ஒன்றல்ல, இரண்டு. புரூனோவுக்கு ஒன்று: ஆகஸ்டா படகில் ஏறுகிறாள், இயந்திரம் பாடுகிறது, கரையில் சித்திகள் கும்பலாக அழுதுகொண்டே ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள். மெர்ரினுக்கு ஒன்று: ஆகஸ்டா தூக்கிய காலைத் திரும்ப மண்ணில் வைக்கிறாள், மில்லின் கதவைத் திறக்கிறாள், ஊருக்கே ரொட்டி வாசனை.

எழுதி முடித்ததும் இரண்டையும் என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். முகம் தேரில் ஏறிய சாமி மாதிரி ஜொலித்தது.

“மாட்டிக்க மாட்டீங்களா?” என்றேன்.

“எப்படி மாட்டுவேன்? ரெண்டு பேரும்தான் பேசிக்கிறதே இல்லையே!”

“புரூனோ எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவானே. அவ காதுல விழாதா?”

“அவ பலகணியைச் சாத்தியில்ல வச்சிருக்கா!”

(அவர்கள் பகையை நம்பி அவர்களுக்கு நல்லது செய்யப் பார்த்தாள். எழுதும்போதுதான் எனக்கே இது உறைக்கிறது. அன்றைக்கு உறைத்திருந்தால் தடுத்திருப்பேனா? இல்லை. இரண்டு முடிவும் அவ்வளவு நன்றாக இருந்தன.)

7

ஃபேக்ஸ் வந்த அன்று சாப்பாட்டு அறை நிரம்பிவிட்டது. புரூனோ முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். தொண்டையைச் செருமினான். படித்தான். வலது கால் படகில் பட்டது. இயந்திரம் பாடியது. படகுக் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

பலகணி படாரென்று திறந்தது.

“பொய்!”

அத்தனை நாட்களில் மெர்ரின் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

“என்ன பொய்? இதோ தாள்!”

“அவ ஏறவே இல்ல. என்கிட்டயும் தாள் இருக்கு.”

“ஓஹோ. எடு பாப்போம்.”

“நீ எடுத்துட்டு வா.”

புரூனோ எழுந்து போனான். பலகணியின் மரத்தட்டில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே கையெழுத்து. ஒரே மாதிரி வளைத்த ஆங்கில ‘கே’.

“நம்மள ஏமாத்திட்டா” என்றாள் மெர்ரின்.

புரூனோ மறுபடி தன் தாளைப் படித்தான். பிறகு அவள் தாளை. என்னிடம் எழுத்து அட்டையின் முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, இந்த இடத்தில் அவன் குரல் தணிந்தது.

“எனக்குப் பிடிச்ச முடிவுதான்” என்றிருக்கிறான் மெர்ரினிடம். “ஆனா எனக்குப் பிடிக்கணும்னே எழுதியிருக்கு பாரு. அதான் பிடிக்கல. குழந்தைக்குச் சர்க்கரையில மருந்து வச்சுக் குடுக்குற மாதிரி.”

“எனக்கு மட்டும்? மில்லு, ரொட்டி, வாசனை! சமையக்காரின்னா ரொட்டிதான் பிடிக்கணுமா? நான் பழைய வேலையில இருந்து தப்பிச்சு இங்க வந்ததே ஒரு கப்பல்ல ஏறித்தான்.”

“அப்புறம் எதுக்கு இத்தனை நாள் மில்லு மில்லுன்னு நின்ன?”

“நீ படகுன்ன. அதான்.”

 மேஜையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்தப் பலகை விஷயம்…” என்றான் புரூனோ.

“எந்தப் பலகை?”

“எழுதிப் போட்டேன்னு சொன்னேன்ல. எழுதணும்னு நினைச்சேன். நினைச்சதை எழுதிட்டதாவே…”

மெர்ரின் அவனை வெகுநேரம் பார்த்தாள். கரண்டி கையில் இருந்தது. அவன் கண் கரண்டியிலேயே இருந்தது.

“உள்ள வா” என்றாள். “அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும். அதுக்கு முன்னாடி இந்த அண்டாவைக் கழுவு.”

8

மறுநாள் போன் வந்தபோது ஐல்சா என் கடையில்தான் இருந்தாள். அவள் கடையில் யாரும் எடுக்காததால் என் எண்ணுக்கே கூப்பிட்டிருந்தார்கள், அங்கேயே பேசினாள். எதிர்முனையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

“எங்களைப் பத்தி உனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பா?” இது புரூனோ. பார்த்தீர்களா, ‘நீ’ வந்துவிட்டது.

“உனக்குப் பிடிச்ச மாதிரிதானே, புரூனோ…”

“எனக்குப் பிடிச்சதைக் குடுக்கத்தான் எங்க அம்மா இருக்காங்களே! நீ முதல்ல குடுத்தியே, அந்தப் புத்தகம், அது எனக்குப் பிடிக்கும்னு எனக்கே தெரியாது. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?”

மெர்ரின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ரெண்டுல என்னோடதுதான் மட்டம், சொல்லிட்டேன்” என்றாள். வைத்துவிட்டார்கள்.

ஐல்சா தெருவைக் கடந்து தன் கடைக்குப் போகும்போது கார் பார்த்துப் போகவில்லை. அதற்கப்புறம் யார் புத்தகம் கேட்டு வந்தாலும் “அலமாரி அங்க இருக்கு” என்று கையைக் காட்டினாள். தேன்காரர் வந்து, தயங்கி நின்று, சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். வாரக் கடைசியில் திருப்பிக் கொடுத்தார். “இதுல வெறும் சமையல்தான் இருக்கு” என்றார் பரிதாபமாக.

ஆனால் தெற்கே நடந்தது வேறு. போனை வைத்த கையோடு புரூனோவும் மெர்ரினும் நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருந்தார்கள், இந்த முறை இருவருமாக. சகோதரிகளின் வசனம் மெர்ரினுக்கு. மற்றதெல்லாம் அவனுக்கு. கடைசிப் பக்கம் வந்ததும் அன்றன்றைக்கு ஒருவர் முடிவு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வானிலைக்காரர் ஒருவர் சொன்ன முடிவில் ஆகஸ்டா ஆற்றில் விழுந்துவிட்டாளாம். அவரை ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க விட்டார்கள்.

(இங்கேயே நிறுத்தலாமா என்று பார்த்தேன். நிம்மதியான முடிவு, எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஐல்சா இன்னும் அங்கே அலமாரியைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளை அப்படியே விட்டுவிட்டு விளக்கை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.)

9

கோடை வந்தது. கப்பலுக்குச் சற்று முன்னால், நியூசிலாந்திலிருந்து ஒரு பொட்டலமும் வந்தது. எனக்குத் தெரிந்த அந்தக் கடைக்காரர் விடாமல் தேடியிருக்கிறார். அதே நாவல், முழுசாக. ஐல்சா நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தாள். புத்தகத்தை மூடினாள். திரும்பத் தாளில் சுற்றிக் கயிறு கட்டினாள். என்ன முடிவு என்று கேட்டேன்.

“சொல்லமாட்டேன். உங்க வாய் ஓட்டை.”

(உண்மைதான். நீங்கள் படித்துக்கொண்டிருப்பதே சாட்சி.)

கப்பலில் இறங்கிய புரூனோவும் மெர்ரினும் ஐல்சாவிடம் வந்தது சில நாள் கழித்து, ஒரு மத்தியான வேளை. புரூனோவின் புதுக் கண்ணாடியைக் கொடுப்பதற்காக நானும் ஐல்சாவின் கடையில் இருந்தேன். காற்றில் காய்ந்த முகங்கள். மெர்ரின் கையில் ஒரு தகர டப்பா, உள்ளே கேக். அதை மேசைமேல் வைத்தாள். ஐல்சா அதைப் பார்த்தாள், இவர்களைப் பார்க்கவில்லை.

“திட்டுனது விஷயமா வந்தோம்” என்றான் புரூனோ.

“இன்னும் திட்டவா?”

“இல்ல. நான் கொஞ்சம் அதிகமா…”

“நீ சொன்னது சரிதான்” என்றாள் ஐல்சா. “இனிமே யாருக்கும் நான் எடுத்துக் குடுக்கிறதா இல்ல.”

“சும்மா இரு” என்றாள் மெர்ரின். “அடுத்த வருஷம் போற பசங்க வாசல்ல நிக்கிறாங்க. நாங்கதான் கூட்டிட்டு வந்தோம். அவங்களுக்கு யாரு கேள்வி கேப்பா? இவனா?”

ஐல்சா வாசலைப் பார்த்தாள். உண்மையாகவே ஒரு சின்னக் கூட்டம் சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் மூக்கைச் சீந்திக்கொண்டாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தாள்.

“இது அதுதான். கடைசிப் பக்கத்தோட.”

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எத்தனையோ முடிவுகளைச் சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலத்தைக் கடந்தவர்கள். ஐல்சா முதல் முறையாக அவர்களிடம் நேரான ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“வேணுமா?”

ஒரே மூச்சில் இரண்டு பதில் வந்தது. ஒருவர் “வேணும்” என்றார். மற்றவர் “வேணாம்” என்றார்.

யார் எதைச் சொன்னது என்று நான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். ஐல்சா பொட்டலத்தின் கயிற்றில் கை வைத்ததையும், அதன்பின் செய்ததையும்கூட எழுதினேன். அதையும் எடுத்துவிட்டேன். அவள் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை உங்களுக்குப் பிடித்த மாதிரி முடித்துக் கொடுத்தால், புரூனோ என்னை ‘நீ’ போட்டுத் திட்டுவான்.

ஆகவே கொஞ்சம் நகர்ந்து இந்தப் பக்கம் வாருங்கள். மேசைக்கு உள்பக்கம். ஐல்சாவை ஸ்டூலில் உட்காரவைத்து நான் ஒரு துண்டு கேக் கொடுக்கிறேன். புரூனோவை உங்களுக்கு இப்போது தெரியும். மெர்ரினையும் தெரியும், என்னைவிட ஒன்றும் குறைவாக இல்லை. பொட்டலம் ஒன்றுதான் இருக்கிறது, கயிறு உங்கள் கையில்.

இரண்டு பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.